மலிவு உலோக வினையூக்கி படுத்தும் பாடு: கார்பன் டை ஆக்சைடு ஹைட்ரஜனேற்றத்தில் அறிகுறி வாரியாகப் பிழை தேடும் வழி

கார்பன் டை ஆக்சைடை ஹைட்ரஜனோடு சேர்த்து மீத்தேனாகவோ மெத்தனாலாகவோ கார்பன் மோனாக்சைடாகவோ மாற்ற விலை குறைந்த உலோகம் தேடுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது நிக்கல், இரும்பு, தாமிரம், கோபால்ட் என்ற நான்கிடம்தான். இவற்றால் முடியுமா என்ற சந்தேகம் வேண்டாம். 1902ல் பால் சபாத்தியேவும் ழான் பாப்திஸ்த் சாந்தெரன்ஸும் மீத்தேனாக்கிக் காட்டியது நிக்கலை வைத்துத்தான். 1966ல் பிரிட்டனின் ஐ.சி.ஐ. என்ற வேதிப்பொருள் நிறுவனம் தொடங்கிய குறைந்த அழுத்த மெத்தனால் முறை தாமிரம், துத்தநாக ஆக்சைடு, அலுமினா கூட்டணியில் நடந்தது. மெத்தனால் ஆலைகளில் இன்றும் அந்தக் குடும்பம்தான் ஓடுகிறது.

அப்படியிருந்தும் ஆய்வகத்தில் இவை அடிக்கடி ஏமாற்றுகின்றன. விலை உயர்ந்த ருத்தேனியம் எளிதாக ஒடுங்கும் (ஆக்சைடிலிருந்து உலோகமாகத் திரும்பும்), ஒடுங்கிய நிலையிலேயே பெரும்பாலும் நிற்கும், தயாரிப்பில் செய்த சிறு பிசகுகளைப் பொறுத்துக்கொள்ளும். நிக்கலும் இரும்பும் அப்படிப் பொறுப்பதில்லை. கொடுக்கும் வாயு, நீராவி, வெப்பம் ஆகியவற்றுக்கேற்ப ஆக்சைடாகும், கார்பைடாகும், சல்ஃபைடாகும், தாங்கியோடு (உலோகத் துகள்களைச் சுமக்கும் அலுமினா, சிலிக்கா போன்ற பொருளோடு) கலந்து ஸ்பைனல் என்ற கலப்பு ஆக்சைடாகும். அதனால் கீழே எந்த அறிகுறியாக இருந்தாலும் நான் முதலில் கேட்பது, இந்த நிமிடம் படுகையில் (குழாய்க்குள் அடைத்த வினையூக்கித் தூளில்) உலோகம் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான். திரையில் தெரியும் எண் உண்மையா என்பது அடுத்த கேள்வி. இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் ஓர் உலோகத்தை நல்லது, மோசம் என்று ஒதுக்குவது அநியாயம். தேடல் பட்டியலிலிருந்து காரணமில்லாமல் ஓர் உலோகம் விழுந்துவிடும்.

ஒன்றுமே நடக்கவில்லை

350 டிகிரி செல்சியஸில், ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடுக்கு நான்கு பங்கு ஹைட்ரஜன் என்ற விகிதத்தில் வாயு போகிறது. வெளியே வருவதும் அதே வாயுதான். உலோகத்தைக் குறை சொல்வதற்கு முன் கருவியைப் பாருங்கள்.

உலையின் தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) காட்டுவது உலைச் சுவரின் வெப்பம். படுகைக்குள் இன்னொரு தெர்மோகப்பிள் இல்லாவிட்டால் உங்களிடம் உண்மையான வெப்பநிலையே இல்லை என்று கொள்ளுங்கள். படுகை உலையின் சூடான நடுப்பகுதியில்தான் உட்கார்ந்திருக்கிறதா என்றும் அளந்து பாருங்கள்.

அடுத்தது வாயு ஓட்டம். நைட்ரஜனுக்கு அளவீடு செய்த ஓட்டக் கட்டுப்படுத்தியில் கார்பன் டை ஆக்சைடை விட்டால், திரையில் தெரிவதில் ஏறத்தாழ 70 சதவீதம்தான் உண்மையில் போகும். ஹைட்ரஜனுக்குத் திருத்தம் மிகச் சிறியது. ஆக, நான்கு என்று நினைத்த விகிதம் ஆறை நெருங்கியிருக்கும். சோப்புக் குமிழி ஓட்டமானியை வைத்து ஒவ்வொரு வாயுவையும் தனித்தனியே அளந்துவிடுங்கள்.

இரண்டும் சரியென்றால் ஒடுக்கத்துக்கு வாருங்கள். நிக்கல் வினையூக்கி செயலற்றுக் கிடப்பதற்கு நான் பார்த்தவரை மிகப் பொதுவான காரணம் இதுதான். தனி நிக்கல் ஆக்சைடு 300 முதல் 400 டிகிரிக்குள் ஹைட்ரஜனில் ஒடுங்கிவிடும். அலுமினாவோடு ஒட்டிக்கொண்ட ஆக்சைடுக்கு 500, 600 டிகிரி வேண்டும். சுடும்போது வெப்பம் அதிகமாகி நிக்கல் அலுமினேட் ஸ்பைனல் உண்டாகிவிட்டால் 800 டிகிரியை ஒட்டித்தான் அது அசையும். தாங்கியை மாற்றிவிட்டு ஒடுக்க வெப்பநிலையை மட்டும் பழைய ஆய்வுக் கட்டுரையிலிருந்து அப்படியே எடுத்தால் இந்தக் குழியில் விழுவது உறுதி. சிலிக்கா தாங்கிக்கு எழுதிய 400 டிகிரி, அலுமினாவுக்குப் போதாது.

கருவி ஏதும் இல்லாமலே இதைப் பாதி கண்டுபிடிக்கலாம். குவார்ட்ஸ் குழாயை ஆர்கான் ஓட்டத்தில் ஆறவிட்டு, திறக்காமல், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒடுங்கிய நிக்கல் கரிக்கருப்பாக இருக்கும். நீலமோ நீலப்பச்சையோ தெரிந்தால் அங்கே ஸ்பைனல் மிச்சமிருக்கிறது. பிறகு குழாயின் பக்கவாட்டில் ஒரு வலுவான காந்தத்தைக் கொண்டுபோங்கள். உலோக நிக்கல் இருந்தால் தூள் சுவரோடு சுவராக நகர்ந்து காந்தத்தின் பின்னால் ஏறும். நிக்கல் ஆக்சைடும் ஸ்பைனலும் அசையாது. இரும்பிடம் மட்டும் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம், ஒடுங்காத மாக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடும் காந்தத்தில் ஒட்டும். முழுப் பதில் வேண்டுமென்றால் வெப்பநிலையை ஏற்றிக்கொண்டே ஹைட்ரஜன் நுகர்வை அளக்கும் சோதனையைச் செய்து, உச்சம் எங்கே வருகிறதோ அதற்குக் கொஞ்சம் மேலே ஒடுக்க வெப்பநிலையை வையுங்கள்.

ஒடுக்கத்தில் உண்டாகும் நீராவியும் ஓர் எதிரி. ஹைட்ரஜன் ஓட்டம் மந்தமாக இருந்தால் நீராவி படுகையிலேயே தேங்கி, இரும்பை முழுமையாக ஒடுங்கவிடாது. நிக்கல் துகள்களையும் பெருக்க வைக்கும். உலர்ந்த ஹைட்ரஜன், தாராளமான ஓட்டம், நிமிடத்துக்கு ஓரிரு டிகிரி ஏற்றம் என்று போங்கள்.

தாமிரத்துக்கு இதற்கு நேரெதிரான ஆபத்து. தாமிர ஆக்சைடு ஒடுங்கும்போது மோலுக்கு சுமார் 85 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். நிக்கல் ஆக்சைடில் அது ஏறத்தாழ பூஜ்யம். நிக்கலுக்குச் செய்த பழக்கத்தில் தூய ஹைட்ரஜனைத் திறந்துவிட்டால், தாமிரம் ஒடுங்கும் கணத்திலேயே உள்ளுக்குள் சூடேறித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். 5 சதவீதமோ அதற்குக் குறைவோ ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜனில் மெதுவாக 250 டிகிரி வரை ஏற்றுங்கள். 300ஐத் தாண்ட வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் அசைவில்லையென்றால் மூலப்பொருளைப் பாருங்கள். சல்பேட்டும் குளோரைடும் கலந்த உப்புகளில் தொடங்கியிருந்தால் நைட்ரேட்டுக்கு மாறுங்கள். சல்பேட் முறையில் தயாரான டைட்டானியா தாங்கியில் கந்தகம் ஒளிந்திருப்பதும் உண்டு, ஒடுக்கும்போது அது ஹைட்ரஜன் சல்ஃபைடாகி உலோகத்தின் மேல் போய் உட்காரும்.

நம்பவே முடியாத அளவுக்கு நன்றாக வருகிறது

இந்த அறிகுறிக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். வேலை செய்யாத வினையூக்கியை எல்லோரும் சோதிப்பார்கள். பிரமாதமாக வேலை செய்வதை யாரும் சோதிப்பதில்லை.

முதலில் வெற்று ஓட்டம். வினையூக்கி இல்லாமல், தாங்கியும் குவார்ட்ஸ் பஞ்சும் மட்டும் வைத்து அதே நிரலை ஓட்டுங்கள். துருப்பிடிக்காத எஃகுக் குழாயில் நிக்கலும் இரும்பும் இருக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். 400 டிகிரிக்கு மேல் குழாய்ச் சுவரே கார்பன் மோனாக்சைடும் கொஞ்சம் மீத்தேனும் உண்டாக்கத் தொடங்கலாம். தெர்மோகப்பிளின் உறையும் எஃகுதான். வளிமண்டல அழுத்தத்தில் வேலை செய்கிறீர்கள் என்றால் குவார்ட்ஸுக்கு மாறுவது நல்லது.

அடுத்தது, அதே ரியாக்டரில் முன்பு யாராவது ருத்தேனியமோ ரோடியமோ ஓட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். உங்கள் நிக்கல் நைட்ரேட்டிலும் நுண்ணளவு விலை உயர்ந்த உலோகம் இருக்கலாம். மலிவு உலோகம் சாதித்தது என்று எழுதும் முன், பயன்படுத்திய வினையூக்கியை ஐ.சி.பி. நிறமாலையில் (நுண்ணளவு உலோகங்களை அளக்கும் முறையில்) கொடுத்து ருத்தேனியம், ரோடியம், பல்லேடியம், இரிடியம் நான்கையும் அளந்துவிடுவது உங்கள் கடமை. இந்தத் துறையில் வரும் உரிமைகோரல்களை மற்றவர்கள் நம்பி அடுத்த அடி வைக்கிறார்கள். ஒரு தவறான நம்பிக்கை பல பேருடைய நேரத்தைத் தின்றுவிடும்.

வருகிற கார்பன் உண்மையிலேயே கார்பன் டை ஆக்சைடிலிருந்துதானா என்பதையும் நிரூபிக்க வேண்டும். சீரியா, லாந்தனா, மக்னீசியா போன்ற தாங்கிகள் காற்றில் இருக்கும்போதே கார்பனேட்டைச் சேர்த்துக்கொள்கின்றன. கரிம மூலக்கூறுகளை வைத்துத் தயாரித்த நானோ துகள்களில் அந்தக் கரிமப் பொருளின் மிச்சம் இருக்கும். குழாயை அசிட்டோனிலோ மெத்தனாலிலோ கழுவியிருந்தால் ஜி.சி.யில் (வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவியில்) மெத்தனால் வராமல் வேறென்ன வரும்? கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் ஆர்கான் விட்டு, ஹைட்ரஜனோடு மட்டும் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் விளைபொருள் வந்தால் அது உங்கள் வினையிலிருந்து வருவதல்ல. சிறிய அளவு விளைபொருளை வைத்துப் பெரிய முடிவு சொல்வதாக இருந்தால் கார்பன் 13 ஐசோடோப்பு இட்ட வாயுவில் ஒருமுறை ஓட்டித்தான் ஆக வேண்டும்.

கார்பன் கணக்கு பொருந்தவில்லை, அல்லது மாற்றவிகிதம் ஆளுக்கு ஆள் மாறுகிறது

மாற்றவிகிதம் என்பது உள்ளே போன கார்பன் டை ஆக்சைடில் எத்தனை சதவீதம் மாறியது என்பது. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பலருக்கு இது பிழை என்றே தெரிவதில்லை. மீத்தேனாக்கத்தில் ஒரு கார்பன் டை ஆக்சைடும் நான்கு ஹைட்ரஜனும் சேர்ந்து ஒரு மீத்தேனும் இரண்டு நீரும் ஆகின்றன. நீரைக் குளிர்வித்துப் பிரித்துவிட்டால் ஐந்து பங்கு வாயு ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

கணக்கில் பாருங்கள். நிமிடத்துக்கு 20 மி.லி. கார்பன் டை ஆக்சைடும் 80 மி.லி. ஹைட்ரஜனும் உள்ளே போகின்றன. உண்மையில் 60 சதவீதம் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே வருவது 8 மி.லி. கார்பன் டை ஆக்சைடு, 12 மி.லி. மீத்தேன், 32 மி.லி. ஹைட்ரஜன், மொத்தம் 52. கார்பன் டை ஆக்சைடின் பங்கு 20 சதவீதத்திலிருந்து 15.4 சதவீதமாகத்தான் குறைந்திருக்கிறது. செறிவை மட்டும் ஒப்பிட்டால் 23 சதவீத மாற்றம் என்று எழுதுவீர்கள். அறுபதை இருபத்து மூன்று என்று எழுதி, நல்லதொரு வினையூக்கியைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள்.

இதற்கு மருந்து, வினையில் சேராத ஒரு வாயுவை அளவறிந்து உள்ளே கலப்பது. நைட்ரஜனோ ஆர்கானோ போதும். உள்ளேயும் வெளியேயும் கார்பன் டை ஆக்சைடுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதத்தை ஒப்பிடுங்கள், சுருக்கம் தானாகவே கணக்கில் வந்துவிடும்.

ஜி.சி.யையும் ஒரு பார்வை பாருங்கள். வெப்பக் கடத்தல் உணரியில் ஹீலியத்தை ஏந்து வாயுவாக விட்டால் ஹைட்ரஜனை ஒழுங்காக அளக்க முடியாது, இரண்டின் வெப்பக் கடத்துதிறனும் நெருக்கமானவை. ஹைட்ரஜனுக்கு ஆர்கான் ஏந்து வாயு வேண்டும். சுடர் உணரி மீத்தேனைக் காட்டும், கார்பன் மோனாக்சைடையும் டை ஆக்சைடையும் காட்டாது. அவற்றைக் காட்ட அதற்கு முன்னால் ஒரு மீத்தேனாக்கி வைத்திருப்பார்கள். அதற்குள் இருப்பதும் நிக்கல்தான், நீங்கள் ஆராயும் அதே வினையைத்தான் அதுவும் செய்கிறது. கந்தகம் பட்டால் உங்கள் படுகை சாவதுபோல அதுவும் சாகும். கார்பன் மோனாக்சைடு நாளுக்கு நாள் குறைவதாகத் தெரிந்தால், வினையூக்கி மேம்படுகிறது என்று மகிழ்வதற்கு முன் செறிவு தெரிந்த அளவீட்டு வாயுவை ஒருமுறை செலுத்திச் சரிபாருங்கள்.

எல்லாம் சரிபார்த்தும் கார்பன் குறைந்தால், அது படுகையில் கரியாகவோ, குளிர்ந்த குழாயில் மெழுகாகவோ, நீர்ப் பொறியில் கரைந்த மெத்தனாலாகவோ தங்கியிருக்கும். மெத்தனால் வேலையில் ரியாக்டரிலிருந்து ஜி.சி. வரை குழாய் முழுவதும் 120 டிகிரிக்குக் குறையாமல் சூடாக இருக்க வேண்டும். வெப்ப நாடா சுற்றாத ஒரு வால்வு போதும், கணக்கைக் கெடுக்க.

மீத்தேன் எதிர்பார்த்தேன், கார்பன் மோனாக்சைடு வருகிறது

முதலில் வெப்பநிலை. மீத்தேனாக்கம் மோலுக்கு 165 கிலோஜூல் வெப்பம் உமிழும் வினை, கார்பன் மோனாக்சைடு தரும் தலைகீழ் நீர்வாயு மாற்ற வினையோ 41 கிலோஜூல் வெப்பம் வாங்கும் வினை. சூட்டை ஏற்றினால் முதலாவது பின்வாங்கும், இரண்டாவது முன்னேறும். வளிமண்டல அழுத்தத்தில் 450 டிகிரியைத் தாண்டியபின் கார்பன் மோனாக்சைடு வருவது சமநிலையின் வேலை, அதை எந்த வினையூக்கியாலும் தடுக்க முடியாது. சமநிலை வளைவைக் கணித்து உங்கள் வரைபடத்தின் மேலேயே போட்டுவையுங்கள். அந்த வளைவைத் தாண்டி ஒரு புள்ளி வந்தால் அளவீட்டில் கோளாறு. வளைவின் மேலேயே எல்லாப் புள்ளிகளும் உட்கார்ந்திருந்தால், நீங்கள் வினையூக்கிகளை ஒப்பிடவே இல்லை.

வெப்பநிலை குறைவாக இருந்தும் கார்பன் மோனாக்சைடு வந்தால், நிக்கலின் அளவையும் துகள் பருமனையும் பாருங்கள். நிக்கல் மிகக் குறைவாகத் தனித்தனி அணுக்களாகச் சிதறிக் கிடந்தால், ஹைட்ரஜனைப் பிளந்து பக்கத்தில் கொண்டுவந்து சேர்க்கப் போதிய உலோக மேற்பரப்பு இருக்காது. கார்பன் மோனாக்சைடு மேலும் ஒடுங்காமல் கழன்று போய்விடும். பாதி ஒடுங்கிய நிக்கலும் இப்படித்தான் நடந்துகொள்ளும். கொஞ்சமாகக் கந்தகம் படிந்த நிக்கலும் அப்படியே. தாங்கியை அலுமினாவிலிருந்து சீரியாவுக்கு மாற்றிப் பார்ப்பது நல்ல அடுத்த படி, குறைந்த வெப்பநிலையில் நிக்கல் அதன் மேல் சுறுசுறுப்பாக இருக்கும்.

தேர்வுத்திறனை (மாறியதில் எவ்வளவு பங்கு விரும்பிய விளைபொருளானது என்பதை) எப்போதும் ஒரே மாற்றவிகிதத்தில் ஒப்பிடுங்கள். ஓட்டத்தைக் கூட்டிக் குறைத்து இரண்டு வினையூக்கிகளையும் பத்து சதவீதத்துக்குக் கொண்டுவந்து பார்த்தால், வேறுபாடு என்று நினைத்தது சில சமயம் காணாமலே போகும்.

மெத்தனால் கொஞ்சம்தான், அதோடு மீத்தேனும் எட்டிப் பார்க்கிறது

மெத்தனால் உண்டாகும்போது மோலுக்கு சுமார் 50 கிலோஜூல் வெப்பம் வரும், மூலக்கூறு எண்ணிக்கையும் குறையும். அதனால் அழுத்தமும் மிதமான சூடும் வேண்டும். 250 டிகிரி, 50 பார், மூன்றுக்கு ஒன்று விகிதம் என்றால்கூட ஒரு சுற்றில் கார்பன் டை ஆக்சைடு மாறுவது கால் பங்கை ஒட்டித்தான் இருக்க முடியும். 1 பாரில் மெத்தனாலை எதிர்பார்த்து உட்காராதீர்கள். கார்பன் மோனாக்சைடு மிகுந்தால் சூட்டை 220 வரை இறக்கிப் பாருங்கள்.

நல்ல தாமிர வினையூக்கியில் மீத்தேன் ஏறத்தாழ வரக்கூடாது. வந்தால் எங்கிருந்தோ நிக்கலோ இரும்போ தாமிரத்தின் மேல் வந்து படிந்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடு, அழுத்தம், மிதமான சூடு, எஃகுச் சுவர் நான்கும் சேர்ந்தால் உலோகக் கார்பனைல் ஆவியாகக் கிளம்பி, சூடான படுகையில் சிதைந்து உலோகமாக இறங்கும். படுகையின் முகப்பிலிருந்து எடுத்த தூளில் இரும்பை அளந்தால் தெரிந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நிக்கல் கார்பனைல் கொடிய நஞ்சு. கார்பன் மோனாக்சைடு இருக்கும் வாயுவில் நிக்கல் படுகையை 200 டிகிரிக்குக் கீழே ஆறவிடவே கூடாது. முதலில் ஆர்கானோ நைட்ரஜனோ விட்டு முழுதும் துடைத்துவிட்டுப் பிறகு ஆற வையுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாத அறையில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

தொடக்கத்தில் நன்றாக இருந்தது, போகப் போகச் சரிகிறது

சரிவின் வடிவம் நிறையச் சொல்லும். முதலில் வேகமாக விழுந்து பிறகு தட்டையாகிறதென்றால் துகள்கள் ஒட்டிப் பெருக்கின்றன. உலோகத்தின் உருகுநிலையைக் கெல்வினில் எழுதிப் பாதியாக்கினால் கிடைக்கும் டாமன் வெப்பநிலை, துகள்கள் தாராளமாக நகரத் தொடங்கும் இடத்தைக் காட்டும். நிக்கலுக்கு அது சுமார் 590 டிகிரி செல்சியஸ், தாமிரத்துக்கு சுமார் 405. தாமிரத்தை 300க்கு மேல் கொண்டுபோகாதீர்கள் என்பதன் காரணம் இதுதான், நீராவி இருந்தால் அதற்கும் கீழேயே நகரும். கார்பன் டை ஆக்சைடிலிருந்து மெத்தனால் செய்யும்போது ஒவ்வொரு மெத்தனாலுக்கும் ஒரு நீர் மூலக்கூறு வருவதால், கார்பன் மோனாக்சைடு மிகுந்த வாயுவுக்கென்று வடிவமைத்த தாமிரம் இங்கே சீக்கிரம் களைத்துவிடும். எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுப் படத்தில் உச்சிகள் கூராகியிருந்தால் துகள்கள் பெருத்தது உறுதி.

கந்தகம் வேறு விதமாக வரும். படுகையின் நீளத்தில் மூன்று நான்கு இடங்களில் வெப்பநிலை பார்க்க முடிந்தால், வினை நடக்கும் சூடான இடம் நுழைவாயிலிலிருந்து மெல்ல மெல்ல உள்ளே நகர்வதைக் காணலாம். முன்பகுதி செத்துக்கொண்டே வருகிறது என்று அர்த்தம். வெளியே மாற்றவிகிதம் நெடுநேரம் குறையாமல் இருந்துவிட்டு, அந்த முகப்பு படுகையின் முடிவைத் தொட்டதும் சடாரென்று விழும். சாண எரிவாயுவிலிருந்தும் நொதித்தலிலிருந்தும் வரும் கார்பன் டை ஆக்சைடில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருப்பது வழக்கம். நிக்கலுக்குப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் மிகக் குறைவான அளவே கேடு. துத்தநாக ஆக்சைடு காவல் படுகையைச் சூடாக முன்னால் வையுங்கள். ரப்பர் வளையங்களையும் சந்தேகியுங்கள்.

கரி படிவதற்குப் பெரும்பாலும் ஹைட்ரஜன் பற்றாக்குறையே காரணம். விகிதம் நான்கோ மேலோ இருந்தால் சமநிலைக் கணக்குப்படி திடக் கரி வர வழியில்லை. மூன்று, இரண்டு என்று இறங்கினால் வழி திறக்கும். ஓட்டக் கட்டுப்படுத்தியின் அளவீட்டை மேலே வலியுறுத்தியது இதற்காகவும்தான். கோபால்ட்டும் இரும்பும் இழைபோன்ற கரியை வளர்க்கும் குணமுள்ளவை. அந்த இழைகள் துகளையே தாங்கியிலிருந்து பெயர்த்துத் தூக்கிவிடும்.

இரும்பின் கதை தனி. படுகையின் தொடக்கத்தில் ஹைட்ரஜன் மிகுதி, நீராவி குறைவு, அதனால் அங்கே கார்பைடு தங்கும். முடிவுப் பகுதியில் நீராவி மிகுதி, அங்கே மாக்னடைட்டாக மாறும். ஒரே குழாயில் இரண்டு வினையூக்கிகள். இறக்கும்போது முழுவதையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்துவிட்டு எக்ஸ் கதிர் படம் எடுத்தால் சராசரி ஒன்று கிடைக்கும், அதனால் பயனில்லை. மேல், நடு, அடி என்று மூன்றாகப் பிரித்தெடுங்கள். நீண்ட சங்கிலி ஹைட்ரோகார்பன் வேண்டுமென்று இரும்பைத் தேர்ந்தெடுத்தவர்கள் பொட்டாசியமோ சோடியமோ சேர்க்க மறந்தால் மீத்தேனும் கார்பன் மோனாக்சைடுமே மிஞ்சும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எது காரணம் என்று பிரிக்க முடியாவிட்டால், மறுபடி ஹைட்ரஜனில் ஒடுக்கிப் பாருங்கள். செயல்திறன் திரும்பினால் உலோகம் ஆக்சைடாகியிருந்தது. திரும்பாவிட்டால் நீர்த்த ஆக்சிஜனில் மெதுவாக எரித்து, வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை அளந்து, மறுபடி ஒடுக்குங்கள். அதற்குத் திரும்பினால் கரி. அதற்கும் அசையாவிட்டால் கந்தகமோ துகள் பெருக்கமோதான். இந்த வரிசையை மாற்றாதீர்கள், முதலிலேயே எரித்துவிட்டால் தடயம் போய்விடும்.

சூடு தானாக ஏறுகிறது, அல்லது அழுத்தம் ஏறுகிறது

நீர்க்காத கலவையில் மீத்தேனாக்கம் பற்றிக்கொண்டால், வெப்பம் வெளியேற வழியில்லாத படுகை பல நூறு டிகிரி ஏறிவிடும். உலைத் திரை 300 காட்டும்போது துகளின் மேல் 400 இருக்கலாம். வினையூக்கியை சிலிக்கான் கார்பைடுத் தூளோடு கலந்து பரப்புங்கள், வாயுவில் நைட்ரஜனைக் கூட்டுங்கள். செயலூக்க ஆற்றலை (வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடையை) கணக்கிடுங்கள். நிக்கல் மேல் மீத்தேனாக்கத்துக்கு மோலுக்கு 80 முதல் 100 கிலோஜூலை ஒட்டி வர வேண்டியது 40 என்று வந்தால், நீங்கள் அளந்தது வாயு துளைக்குள் நுழையும் வேகம். துகள்களை இன்னும் பொடியாக்கி மறுபடி அளக்க வேண்டும்.

அழுத்தம் ஏறுவது பெரும்பாலும் எளிய காரணம்தான்: மிக நுண்ணிய தூள், இறுக்கி அடைத்த பஞ்சு, வெளிவழியில் உறைந்த நீர். மூன்றும் இல்லையென்றால் மேலே சொன்ன கரி இழை.

அதே செய்முறை, இந்த முறை வரவில்லை

பிழை தயாரிப்பில் இருக்கிறது, செய்முறையில் எழுதாத இடத்தில் இருக்கிறது. தாமிரம்–துத்தநாக வீழ்படிவை எடுத்துக்கொள்ளுங்கள். 60, 70 டிகிரியில், பி.எச். ஏழை ஒட்டி வீழ்படிய வைத்தபின் அதே கரைசலில் கிளறிக்கொண்டே விட வேண்டும். சிறிது நேரத்தில் வெளிர்நீலக் கூழ் பச்சையை நோக்கித் திரும்பும், பி.எச். சற்று இறங்கி மறுபடி ஏறும். உருவற்ற கார்பனேட் மாலகைட் படிகமாக மாறும் கணம் அது. கடிகாரத்தைப் பார்த்து வடிகட்டாமல் அந்த நிறமாற்றத்தைப் பார்த்து வடிகட்டுங்கள். பிறகு சோடியம் போகும் வரை கழுவுங்கள், மிச்சம் தங்கும் சோடியம் தாமிரத் துகளைப் பெருக்க வைக்கும்.

நைட்ரேட்டில் ஊறவைத்த நிக்கலுக்கு உலர்த்தும் விதமே முக்கியம். ஆழமான கிண்ணத்தில் காற்றோட்டமில்லாமல் சுட்டால், வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடும் நீராவியும் தேங்கித் துகள்கள் பெருக்கும். மெல்லிய அடுக்காகப் பரப்பி, வாயு ஓட்டத்தில் சுடுங்கள். எவ்வளவு கிராம், எந்தப் பாத்திரம், எவ்வளவு ஓட்டம் என்று மூன்றையும் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

கரைசலில் ஃபார்மேட் வருகிறது, ஆனால் நம்பலாமா?

இரும்பு, கோபால்ட், மாங்கனீசு அணைவுச் சேர்மங்களை வைத்து ஃபார்மேட் செய்பவர்களுக்கு இது. டைமெத்தில் ஃபார்மமைடைக் கரைப்பானாக எடுத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். காரமும் நீரும் இருந்தால் அதுவே உடைந்து ஃபார்மேட் தரும். அணுக்கரு காந்த ஒத்திசைவில் 8.4 பி.பி.எம். அருகே வரும் ஒற்றைக் கோடு எங்கிருந்து வந்தது என்று அந்தக் கோடு சொல்லாது. அளக்கும்போது துடிப்புகளுக்கிடையே நீண்ட இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் ஃபார்மேட் குறைத்துக் காட்டப்படும். கீறல் விழுந்த பழைய காந்தக் கிளறிகள் முந்தைய வினைகளின் உலோகத்தைச் சுமந்து திரியும், ஒவ்வொரு சோதனைக்கும் புதியதை எடுங்கள்.

காரமே இல்லாமல் எதிர்பார்ப்பதும் வீண். வாயுக்களிலிருந்து ஃபார்மிக் அமிலம் உண்டாவது ஆற்றல் கணக்கில் மோலுக்கு 33 கிலோஜூல் ஏற்றம், காரம்தான் அதை இழுத்து முடிக்கிறது.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் மலிவாக இல்லை

2013ல் அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகத்தினர் ஒரு கோபால்ட் அணைவுச் சேர்மம் அறை வெப்பநிலையில், 20 வளிமண்டல அழுத்தத்தில் மணிக்கு 74,000 சுழற்சி வேகத்தில் (ஒரு வினையூக்கி மூலக்கூறு ஒரு மணியில் 74,000 ஃபார்மேட் என்ற கணக்கில்) ஃபார்மேட் தருவதைக் காட்டினார்கள். அற்புதமான வேலை, மலிவு உலோகத்தின் மேல் நம்பிக்கை வைக்க அது ஒன்றே போதும். ஆனால் அது ஓடியது வெர்கேட் காரம் என்ற மிக வலிமையான, விலை கூடிய காரத்தின் துணையோடு. அந்தக் காரம் வினையில் சேர்ந்து தீர்ந்துபோகும் பொருள், உலோகமோ மறுபடி மறுபடி சுழலும் பொருள். ஆகவே உலோகத்தின் விலையை மட்டும் எழுதாமல் ஈந்தணைவி (உலோகத்தோடு பிணைந்திருக்கும் மூலக்கூறு), காரம், கரைப்பான் மூன்றையும், ஒரு கிலோ விளைபொருளுக்கு எவ்வளவு செலவாகிறது என்ற கணக்கில் எழுதுங்கள்.

திட வினையூக்கியிலும் இதே கணக்குதான். 20 சதவீதம் நிக்கல் ஏற்றியதையும் அரை சதவீதம் ருத்தேனியம் ஏற்றியதையும் ஒப்பிடுவதென்றால், ஒரே ஆயுளில், ஒரே மாற்றவிகிதத்தில், ஒரே வெப்பநிலையில் ஒரு கிலோ உலோகத்துக்கு எத்தனை கிலோ மீத்தேன் என்று கேட்க வேண்டும். கோபால்ட்டை இந்தப் பட்டியலில் மலிவு என்று சேர்க்கும்போதும் கவனம் வேண்டும், நிக்கலோடும் இரும்போடும் ஒப்பிட்டால் அது விலை கூடியது, மின்கலத் தொழிலும் அதற்குப் போட்டி போடுகிறது. நிக்கலிலோ இரும்பிலோ அதே வேலை நடக்கிறதென்றால் கோபால்ட்டை விட்டுவிடுங்கள். நடக்கவில்லையென்றால், ஒதுக்குவதற்கு முன் மேலே சொன்ன ஒடுக்கச் சோதனையை நிக்கலுக்கு இன்னொரு தாங்கியின் மேல் ஒருமுறை செய்துவிட்டு முடிவெடுங்கள்.